லயத்தை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு

ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்காமல் அல்லாடுகிறீர்களா? பதுளைக்கு பஸ் ஏறுங்கள். பசறைப் பக்கம் போகலாம். மடுல்சீமைப் பக்கம் போகலாம். அப்புத்தளையில் இறங்கி ஹல்துமுல்லைக்கும் திரும்பலாம். எங்கே இறங்கினாலும் ஒரு மலை. மலைக்கு ஒரு தோட்டம். தோட்டத்துக்கு நாலைந்து டிவிசன். டிவிசனுக்கு வரிசை வரிசையாக லயம். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தேவையான அத்தனை பட்டங்களும் அந்த லயத்துக் காம்பிராக்களில், ஒழுகும் கூரைக்குக் கீழே நனைந்துகொண்டு கிடக்கின்றன. பொறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சம்பளப் பிரச்சினை வேண்டுமா, இருக்கிறது. போசாக்கின்மை வேண்டுமா, இருக்கிறது. பாடசாலை இடைவிலகல், இளவயதுத் திருமணம், மது, மலசலகூடம், காணி உறுதி இல்லாத வீடு. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஆய்வாளருக்கு அலைச்சல் மிச்சம்.

200 வருடமாக இந்த நாட்டுக்குக் கோப்பியும் தேயிலையும் கொடுத்த சனம் இப்போது தலைப்பும் கொடுக்கிறது. தேயிலைக்காவது நாட்கூலி உண்டு. தலைப்புக்கு ஒரு பக்கற் பிஸ்கட்.

நல்ல தலைப்பு எழுதுவது எப்படி என்று பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். சுருக்கமாக இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், தேவையில்லாத சொல் ஒன்றும் இருக்கக் கூடாது என்று முதல் சிலைட்டிலேயே போடுகிறார்கள். அந்தப் பட்டறையின் பதாகையைப் பாருங்கள். தலைப்பு மட்டும் நாலு வரி.

பட்டறையில் சொல்லாத சூத்திரத்தை நாம் சொல்கிறோம். முதலில் ஒரு பாவப்பட்ட சனத்தைப் பிடியுங்கள். 'பெருந்தோட்டப் பெண் தொழிலாளர்கள்' என்று வையுங்கள். அடுத்து 'எதிர்நோக்கும்'. அடுத்து 'பிரச்சினைகளும் சவால்களும்'. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பரீட்சகர் கேட்க மாட்டார்; அவருடைய சொந்த ஆய்விலும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன. பிறகு ஒரு முக்காற்புள்ளி. முக்காற்புள்ளி இல்லாத தலைப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு, 'பசறை பிரதேச செயலகப் பிரிவை அடிப்படையாகக் கொண்ட ஒரு சமூகவியல் ஆய்வு'. முடிந்தது. அடுத்த வருடம் வருகிற மாணவர் பசறையை அழித்துவிட்டு லுணுகலை என்று எழுதுவார். புது ஆய்வு. அதற்கடுத்தவர் பெண்களை எடுத்துவிட்டு இளைஞர்களைப் போடுவார். இன்னொரு புது ஆய்வு. உள்ளே ஐந்தாம் அத்தியாயத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. லயம் மாறினால்தானே அத்தியாயம் மாறுவதற்கு.

தரவு சேகரிப்பு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். மற்ற நாளில் ஆட்கள் மலையில். ஆறு நாள் கொழுந்து, ஏழாம் நாள் வினாக்கொத்து. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. கழுத்தில் அட்டை தொங்க ஒரு பிள்ளை லயத்து வாசலில் வந்து நிற்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவிலிருந்து இருக்கிற ஒரே கதிரை வெளியே வரும். அதன் மேல் ஒரு துவாய் விரிக்கப்படும். வீட்டில் பால்மா இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பிராவில் கடன் வாங்கியாவது பால் தேத்தண்ணி வரும். பிள்ளை வினாக்கொத்தைத் திறக்கும்.

"வதிவிடத்தின் கூரை நல்ல நிலையில் உள்ளது. இதுக்கு நீங்க மிகவும் உடன்படுறீங்களா, உடன்படுறீங்களா, கருத்தில்லையா, உடன்படவில்லையா, மிகவும் உடன்படவில்லையா அக்கா?"

"என்னா தம்பி கேக்குறீங்க?"

"கூரை ஒழுகுதா அக்கா?"

அக்கா எழும்பிப் போய், காம்பிராவின் நடுவில் வைத்திருக்கும் வாளியைக் காட்டுவார். முக்கால் வாளி தண்ணீர். பிள்ளை கொஞ்சம் யோசிக்கும். வாளிக்கு வினாக்கொத்தில் கட்டம் இல்லை. 'மிகவும் உடன்படவில்லை' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும்.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்பார். "தம்பி, முந்தி ஒரு புள்ள வந்து இதே மாதிரிதான் எழுதிக்கிட்டுப் போனுச்சு. அந்தத் தாளு என்னாச்சு?"

தம்பிக்குத் தெரியாது. நாம் சொல்கிறோம். அந்தத் தாள் கணினியில் ஏறியது. சதவீதமானது. பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறத்தில் வட்ட வரைபடமானது. பிறகு தடித்த அட்டை போட்டுக்கொண்டு பொன்னெழுத்தில் பெயர் எழுதிக்கொண்டது. நூலகத்துக்கு ஒரு பிரதி, துறைக்கு ஒரு பிரதி, மேற்பார்வையாளருக்கு ஒரு பிரதி. லயத்துக்குப் பிரதி கிடையாது. கடைசி அத்தியாயத்தில் விதந்துரைகள்: தொழிலாளர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். காலை நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கு விழிப்பு ஊட்டப் போகிறார்களாம். அடுத்த விதந்துரை: சேமிப்புப் பழக்கத்தை ஊக்குவிக்க வேண்டும்.

சேமிப்பு! ஒரு நாள் கூலியாக ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை எழுந்தது 2015 அளவில். அது வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். அடுத்த வருடமே நாடு வங்குரோத்து. கைக்கு வந்த ஆயிரம் கடைக்குப் போகுமுன் பாதியானது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி அடித்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 1,350இல் வந்து நின்றது. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள். அதில் 200 ரூபாவை அரசாங்கம் போடுமாம், அதுவும் வேலைக்கு வந்த நாளுக்கு. கொழுந்து கம்பெனிக்கு, கூலியில் ஒரு பங்கு வரி கட்டுகிற சனத்தின் தலையில். இதை ஆராய யாருக்காவது கை துறுதுறுக்கிறதா? 'பெருந்தோட்டக் கம்பெனிகளின் கூலிச் செலவைப் பொதுமக்கள் ஏற்பதன் விளைவுகள்' என்று ஒரு தலைப்பு வைத்தால் குறைந்தா போய்விடும்? வைக்க மாட்டார்கள். குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரை நாள் கூலிக்கு அரைப்பேர் எழுதி அனுப்பப்படுகிறவளின் 'சேமிப்பு மனப்பாங்கு' மட்டும் இவர்களுக்கு ஆய்வுப் பிரச்சினை.

போசாக்கையும் சொல்லிவிடுவோம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீடு அரசாங்கமே எடுத்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். இதற்குப் பிறகும் இன்னொருவர் அளவுநாடாவோடு லயத்துக்கு வருகிறார். அளந்தால் பிள்ளை வளராது. சாப்பிட்டால்தான் வளரும்.

ஆராய்ச்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. ஆராய்ச்சி எப்படிப் பலன் தரும் என்பதற்கு அதே மலையில் அத்தாட்சி இருக்கிறது. பெயர் தேயிலைச் செடி. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது 1925. தலைமையகம் தலவாக்கலையில். பசறையிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. செடியின் வேருக்கு ஆராய்ச்சி, இலைக்கு ஆராய்ச்சி, மண்ணுக்கு ஆராய்ச்சி, பூச்சிக்கு ஆராய்ச்சி. ஒவ்வொரு நல்ல இனத்துக்கும் ஒரு இலக்கம், ஒரு பதிவு, ஒரு பூர்வீகம். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் இறங்கியது. நிறுவனம் 'கொப்புள நோய்: ஒரு சமூகவியல் நோக்கு' என்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. மருந்தடித்தார்கள். செடி பிழைத்தது. ஊவாவில் ஆடி ஆவணியில் வீசுகிற காய்ந்த காற்றுக்கு இலையின் வாசம் எப்படிக் கூடுகிறது என்றும் ஆராய்ந்தார்கள். அந்த வாசத்துக்கு ஏலத்தில் தனி விலை. அதே காற்றில் உதடு வெடித்து நிற்கிறவளுக்கு ஒரு விலையும் இல்லை.

செடிக்கு நோய் வந்தால் ஆராய்ச்சி மருந்தில் முடிகிறது. கொழுந்து எடுக்கிறவளுக்கு நோய் வந்தால் விதந்துரையில் முடிகிறது. செடி செத்தால் கம்பெனிக்கு நட்டம் அல்லவா?

அடுத்த கூத்து, அனுமதி. தொழிலாளியை ஆராய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தொழிலாளியிடமா? இல்லை. பெரிய துரையிடம். பல்கலைக்கழகக் கடிதத்தை நீட்டியபடி பிள்ளை கந்தோர் வாசலில் நிற்கும். துரை தலைப்பை வாசிப்பார். 'பிரச்சினை' என்ற இடத்தில் கண் நிற்கும். "இங்கே அப்படிப் பிரச்சினை ஒன்றும் இல்லையே" என்பார். பிள்ளை திரும்பிப் போய் 'வாழ்க்கைத் தர மேம்பாடு' என்று மாற்றிக்கொண்டு வரும். 'சுரண்டல்' என்று போட்டிருந்தால் 'தொழில் உறவுகள்' ஆகும். 'அட்டைக்கடி, குளவிக்கடி' என்று போட்டிருந்தால் 'தொழில்சார் சுகாதார அனுபவங்கள்' ஆகும். தலைப்பு இப்படிக் கழுவித் துடைத்து எடுக்கப்பட்ட பிறகு அனுமதி கிடைக்கும். யாருடைய நிர்வாகத்தைப் பற்றிய ஆய்வோ அவரே தலைப்பைத் திருத்திக் கொடுக்கிறார். மேற்பார்வையாளருக்கு வேலை மிச்சம்.

இதில் நெஞ்சு பொறுக்காத ஒன்று இருக்கிறது. லயத்திலிருந்தே பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத நிலையைத் தாண்டி, டவுன் பள்ளிக்கூடத்துக்கு மலையேறி இறங்கி, உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளியைக் கடந்து போன பிள்ளை. ஆயிரம் தலைப்பு அதன் தலைக்குள் இருக்கும். வானியல் படிக்க ஆசை இருக்கலாம். சங்க இலக்கியத்தில் ஆசை இருக்கலாம். "நீ தோட்டம்தானே, உன் ஊரையே எடு, தரவு சுலபமாகக் கிடைக்கும்" என்று ஆலோசனை வரும். பிள்ளை வினாக்கொத்தோடு வீட்டுக்கு வரும். பெற்ற தாய்க்கு முன்னால் உட்கார்ந்து 'பதிலளித்தவரின் மாத வருமானம்' என்று வாசிக்கும். அந்த வருமானத்தில் படித்த பிள்ளை. அம்மாவின் சங்கிலி எப்போது அடகுக்குப் போனது, எப்போது மூழ்கிப்போனது என்று தெரிந்த பிள்ளை. தெரியாதது போல 'மாதிரி இலக்கம் 14' என்று எழுதிக்கொள்ளும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் உலகத்தை ஆராயப் போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை மட்டும் தன் வீட்டு வறுமையை மேற்கோளோடு நிரூபிக்க வேண்டும்.

தலைப்புக்குப் பருவமும் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்தார்கள். தேயிலை மஞ்சளித்தது. கொழுந்து குறைந்தது. கருத்தரங்கு மண்டபங்களில் மட்டும் பச்சைப் பதாகை. சேதனப் பசளையால் நாடு செழிக்கப்போகும் விதம் பற்றிப் பேசாத மேடை இல்லை. நவம்பரில் தடையைத் தூக்கினார்கள். பதாகையைச் சுருட்டினார்கள். அந்த இடைக்காலத்தில் மலையில் கொழுந்து கிடைக்காமல் அரைப்பேர் வாங்கியவர்களுக்கு அந்த மற்றப் பாதியை யார் கொடுப்பது என்று எந்த மேடையிலும் பேச்சில்லை.

2023 வந்தது. மலையகம் 200. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியில் சனம் நடந்தது. வெயிலில் நடந்தது. கால் வெடிக்க நடந்தது. குளிரூட்டிய மண்டபங்களில் '200 ஆண்டுகள்' என்று தொடங்கி முக்காற்புள்ளியில் மூச்சு வாங்குகிற கட்டுரைகளும் நடந்தன. பகல் சாப்பாடு, இரண்டு தேநீர் இடைவேளை. அந்தத் தேநீர் எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று கேட்டால் அது நல்ல ஆய்வுக் கேள்வி. யாரும் கேட்கவில்லை, கேக் வந்துவிட்டது.

முந்தைய காலத்தில் இப்படியா இருந்தது? வெள்ளைக்காரன் காலத்தை மெச்சுகிற வழக்கம் நமக்கில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னை அரசாங்கம் இரண்டு பேரை அனுப்பியது. மார்ஜோரிபேங்க்ஸ் என்ற அதிகாரி, அகமது தம்பி மரைக்காயர். அவர்கள் 1917இல் எழுதிய அறிக்கையின் தலைப்பு, 'இலங்கைக்கும் மலாயாவுக்கும் குடிபெயரும் இந்தியத் தொழிலாளர் பற்றிய அறிக்கை'. என்ன விஷயம், யாரைப் பற்றி, எந்த இடம். முடிந்தது. 'நோக்கு' இல்லை, 'பார்வை' இல்லை, 'சிறப்பாகக் கொண்டு' இல்லை. தொழிலாளியைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை நாலு வருடம் கழித்து 1921இல் ஒழிந்தது. ஓர் அறிக்கையால் மட்டும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அறிக்கை என்றால் அதற்குப் பிறகு ஏதாவது நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பாவது அன்று இருந்தது. எதிர்பார்ப்பை இப்போது இணைப்பு 3இல் சேர்த்துவிடுகிறார்கள்.

நம்மவர் வைத்த தலைப்பு ஒன்றும் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் தோட்டத்துச் சனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். 'போர்ன் டு லேபர்'. மூன்றே சொல். உழைக்கப் பிறந்தவர்கள். முக்காற்புள்ளி இல்லை. பிரதேச செயலகப் பிரிவு இல்லை. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இன்று ஒரு பிள்ளை போனால், "தலைப்பு தெளிவில்லை, ஆய்வுப் பிரதேசம் எங்கே?" என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்புவார்கள்.

சரி, இப்போது சிரிப்பை நிறுத்துவோம்.

2014 அக்டோபர் 29, காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட நேரம். கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள் நின்ற இடத்தில் சேறு நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பிள்ளைகள் சிலருக்கு வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. எத்தனை பேர் புதைந்தார்கள்? முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கி இறங்கி முப்பது சொச்சத்தில் நின்றது.

ஆராய்ச்சி செய்யாததால் நடந்ததா இது? இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவை ஆராய்ந்திருந்தது. ஆபத்தான இடம், ஆட்களை அகற்ற வேண்டும் என்று 2005இலேயே சொல்லியிருந்தது. சில வருடம் கழித்து மறுபடியும் சொன்னது. சரியான தலைப்பு. சரியான இடம். சரியான முடிவு. ஆய்வாளர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 2005. ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் எடுத்து, முதுமாணி முடித்து, கலாநிதிப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிற காலம் வரைக்கும் அந்த எச்சரிக்கை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக்கூடச் சரியாக நகரவில்லை. ஒன்பது வருடம். மலைதான் முதலில் நகர்ந்தது.

மலை இறங்கிய பிறகு அதிகாரிகளின் வாய் திறந்தது. நாங்கள் எச்சரித்தோம், அவர்கள்தான் போகவில்லை என்றார்கள். போகவில்லையாம்! எங்கே போவது? நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனதிலிருந்து நிர்வாகம் கம்பெனியுடையது. லயம் தோட்டத்துடையது. கூரைத் தகரம் ஒன்றை மாற்றுவதற்கும் கந்தோரில் போய் நிற்க வேண்டிய மனிதனிடம் 'வெளியேறு' என்று சொல்லிவிட்டு, வெளியேறவில்லை என்று செத்த பிறகு குற்றம் சாட்டினார்கள். வெளியேறு என்று சொல்ல எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே என்று சொல்ல ஒரு கந்தோருக்கும் ஒன்பது வருடம் போதவில்லை. தப்பியவர்களை ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் அடைத்து வைத்தார்கள். வீடு கொடுக்க இன்னும் இரண்டு வருடம்.

அந்த அக்டோபர் 29க்கு அடுத்த நாள் என்ன நாள் தெரியுமா? சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 50 வருடம். 1964 அக்டோபர் 30. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் புதுடில்லியில் உட்கார்ந்து தோட்டத்துச் சனத்தில் 525,000 பேர் உங்களுக்கு, 300,000 பேர் எங்களுக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வினாக்கொத்துக்கூட நீட்டவில்லை. நாடு கடத்த வேண்டும் என்றபோது அரசாங்கத்துக்கு இலட்சக்கணக்கில் எண்ணத் தெரிந்தது. 50 வருடம் கழித்து மண்ணுக்குள் கிடந்தவர்கள் நூறா, முப்பதா என்று எண்ணத் தெரியவில்லை.

அதோடு முடிந்ததா? 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டம். மறுபடியும் மண்சரிவு, மறுபடியும் லயம். 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல். நாட்டில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. சேறு காய்வதற்குள் தலைப்புத் தயாராகிவிடும், பாருங்கள். 'டித்வாவுக்குப் பின்னரான பெருந்தோட்டச் சமூகத்தின் தாங்குதிறன்: பதுளை மாவட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு'. தாங்குகிறார்கள் என்று நிரூபித்துக் கொடுத்தால் அடுத்த முறையும் தாங்கட்டும் என்று விட்டுவிடலாம். வினாக்கொத்தில் ஐந்து கட்டம் இருக்கும். முகாமில் உங்களுக்கு வழங்கப்பட்ட வசதிகள் திருப்தியளிக்கின்றன: மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன்...

ஏன் எப்போதும் கீழேயே பார்க்கிறார்கள்? காரணம் எல்லோருக்கும் தெரியும். லயத்துக்குக் காவலாளி இல்லை. வரவேற்பறை இல்லை. 'மீற்றிங்கில் இருக்கிறார்' என்று சொல்ல ஆள் இல்லை. போனால் கதிரை போட்டுத் தேத்தண்ணி தருகிற சனம். மேலே இருப்பவரை ஆராயப் போனால் தேத்தண்ணி வராது, வக்கீல் கடிதம் வரும். அதனால்தான் தொழிலாளியின் குடிப்பழக்கத்துக்கு எத்தனையோ தலைப்பு, அந்தத் தோட்டத்துக்குள் சாராயம் எந்த வழியாக, யார் தயவில் வருகிறது என்பதற்கு ஒன்றுமில்லை. சம்பளத்திலிருந்து மாதம் தவறாமல் வெட்டப்படுகிற தொழிற்சங்கச் சந்தா எங்கே போகிறது என்று ஆராய்ந்தால் பல சுவாரசியமான வரைபடங்கள் வரும். மலையகத்துக்கென்று வைத்த அமைச்சுகள் எத்தனை முறை பெயர் மாறின, பெயர்ப்பலகைக்கும் கடிதத்தாளுக்கும் எவ்வளவு செலவானது என்று ஒரு வணிகத்துறைப் பிள்ளை கணக்குப் போட்டால் அந்தக் காசுக்கு எத்தனை லயத்துக்குக் கூரை போடலாம் என்றும் சேர்த்துப் போட்டுவிடலாம். ஏழு பேர்ச்சஸ் காணி என்று தேர்தலுக்குத் தேர்தல் வருகிற வாக்குறுதியில் எத்தனை உறுதிப்பத்திரம் கைக்கு வந்தது என்று எண்ணுவதற்குப் புள்ளிவிபரவியல் பட்டமே வேண்டியதில்லை. விரல் போதும்.

இந்தத் தலைப்புகளில் ஒன்றையாவது ஒரு பிள்ளை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். மீரியபெத்தையையே எடுக்கட்டும். '2005 எச்சரிக்கை அறிக்கை யார் யார் மேசையில் இருந்தது?' தெளிவான தலைப்பு, தேவையற்ற சொல் இல்லை, பட்டறைக்காரர்கள் சொன்ன அத்தனை இலட்சணமும் பொருந்தியிருக்கிறது. களவேலைக்கு மலையேற வேண்டியதில்லை. பிஸ்கட் செலவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் விண்ணப்பம். 14 வேலை நாளுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று சொல்லியாக வேண்டும். கோப்பு எந்தத் திகதியில் வந்தது, யார் கையொப்பமிட்டுப் பெற்றார், யார் 'பார்த்தேன்' என்று எழுதினார், அதற்குப் பிறகு எந்த அலுமாரியில் எத்தனை வருடம் தூங்கியது. ஒரு கலாநிதிப் பட்டத்துக்கே போதும்.

பிள்ளை அந்தத் தலைப்போடு மேற்பார்வையாளர் முன்னால் போய் நிற்கும். அவர் கண்ணாடியைக் கழற்றுவார். நல்ல தலைப்புத்தான் என்பார். மாதிரி எத்தனை என்பார்.

"ஒரு கோப்பு, சேர்."

"ஒன்றை வைத்து ஆய்வு செய்ய முடியாது. குறைந்தது முப்பது பேராவது வேண்டும்."

"முப்பதுக்கு மேலேயே இருக்கிறாங்க, சேர். மண்ணுக்குள்ள."